வெடக்கோழி எப்போது முட்டையிடும்? குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றும் முன் இதைப் படியுங்கள்!

'வெடக்கோழி' என்றதும் மிளகும் சின்ன வெங்காயமும் வதக்கிய குழம்பு வாசனைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைக்குத்தான் அந்தப் பெயர். எழுத்தில் விடைக்கோழி, பேச்சில் வெடக்கோழி. கறி இளசாக இருக்கும் என்பதால் சந்தையில் இதற்குத் தனி மவுசு. சிக்கல் என்னவென்றால், கறிக்கு நல்ல விலை போகும் அதே பருவத்தில்தான் அது முட்டைக்கும் வருகிறது.

ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்தும் 'ஒரு முட்டைகூட வைக்கலையே' என்று பொறுமை இழந்து அறுத்த கோழியின் வயிற்றுக்குள், திராட்சைக் கொத்துபோல மஞ்சள் கருக்கள் சின்னதும் பெரியதுமாக அடுக்கியிருப்பதைப் பார்த்து நொந்துகொண்ட குடும்பங்கள் ஏராளம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அது முட்டைக் கோழி.

கொரோனா ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு, மொட்டை மாடியிலும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்திலும் நான்கைந்து கோழி வளர்ப்பவர்கள் நகரங்களிலும் கூடிவிட்டார்கள். கிராமத்தில் என்றால் பாட்டி பார்த்துச் சொல்லிவிடுவார். மாடியில் யார் சொல்வது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்?

இனத்துக்கு இனம் கணக்கு மாறும். நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழிகள் 18 முதல் 20 வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் தரும். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நாட்டுக்கோழியைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம்மூர் சிறுவிடை, பெருவிடைக் கோழிகள் முட்டைக்கு வர ஆறு மாதம் ஆகும். ஏழு மாதம் ஆனாலும் ஆச்சர்யம் இல்லை. உடல்வாகு பெரிதாக உள்ள பெருவிடையும் அசீலும் இன்னும் கொஞ்சம் நிதானம். ஆண்டு முழுவதும் சேர்த்தால் நாட்டுக்கோழி 60 முதல் 80 முட்டை வைக்கும். அதுவும் தினமும் ஒன்றாக அல்ல, ஈடு ஈடாக.

இரண்டுக்கும் நடுவே இருப்பவை புழக்கடை வளர்ப்புக்காக உருவாக்கப்பட்ட இனங்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்ரியா முட்டைக்காகவே வளர்க்கப்படுவது. நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்குச் சுமார் 200 முட்டை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது, முட்டை எண்ணிக்கை அதைவிடக் குறைவு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழியான கடக்நாத்தை வாங்கியவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கோழிதான் கறுப்பு. முட்டை இளம் பழுப்பாகவோ வெளிறிய நிறத்திலோதான் இருக்கும். 'கறுப்பு முட்டை' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆகவே, வாங்கும்போதே என்ன இனம், எந்தத் தேதியில் பொரித்தது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். மாதக் கணக்கு தெரியாமல் கோழியைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

கொண்டை சொல்லும் சேதி

முட்டைக்கு வரும் பெட்டையைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கலாம். அதுவரை வெளிறிய ரோஸ் நிறத்தில் சின்னதாக இருந்த கொண்டையும் தாடியும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தடித்து, நல்ல சிவப்பாக மாறும். முகமும் சிவக்கும். இறகில் ஒரு மினுமினுப்பு வரும்.

அடுத்தது சத்தம். 'கோழி கேறுது' என்று கிராமத்தில் சொல்வார்கள். தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்து முனகிக்கொண்டு, ஓர் இடத்தில் நிற்காமல் அலையும். கூடவே இடம் தேடும் படலம் ஆரம்பிக்கும். விறகு அடுக்கு, வைக்கோற்போர், பழைய கூடை என்று மூலை மூலையாகத் தலையை நுழைத்துப் பார்க்கும். மாடிக் கோழிக்கு அது தொட்டிச் செடியும் தேங்காய்நார் மூட்டையும். என் அம்மா வளர்க்கும் சிறுவிடைகளில் ஒன்று, செய்து வைத்த கூடையை எல்லாம் விட்டுவிட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்தது. மூன்று நாள் கழித்து மூன்று முட்டை அங்கே இருந்தன.

இன்னோர் அடையாளம் உண்டு. முதுகில் கை வைக்கப் போனால், முன்பெல்லாம் ஓடிய கோழி இப்போது ஓடாமல் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கி உட்காரும். சேவலை ஏற்கத் தயாராகிவிட்டது என்பதன் அறிகுறி அது. பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் முதல் முட்டையை எதிர்பார்க்கலாம்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். ஆசனவாய்க்கு இருபுறமும் கூர்மையாக இரண்டு எலும்பு முனைகள் இருக்கும். முட்டைக்கு வராத கோழியில் அவற்றுக்கு இடையே ஒரு விரல் நுழைவதே கஷ்டம். முட்டைக்கு வந்துவிட்டால் இரண்டு விரல் அளவுக்கு விரிந்து கொடுக்கும். ஆசனவாயும் சுருங்கி வறண்டு இருக்காமல் அகலமாக, ஈரப்பதத்துடன் இருக்கும். குழம்பு வைப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்களும் இதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சந்தையில் 'அடுத்த வாரம் முட்டை போடும்' என்று சொல்லி விற்கும் கோழிக்கும் இதே சோதனைதான். கால் செதில்கள் வழவழப்பாக இருந்தால் இளசு. செதில் தடித்துச் சொரசொரப்பாக இருந்து, கொண்டையும் பெரிதாகச் சாய்ந்து தொங்கினால் அது முட்டையிட்டு ஓய்ந்த கிழடாக இருக்கலாம். நிஜமான விடைக்கோழியாகவே இருந்தாலும், இடம் மாறிய அதிர்ச்சியில் முட்டை சில வாரங்கள் தள்ளிப்போகும். விற்றவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை வருமா என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். வரும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். விடியற்காலை கூவலுக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால், முட்டையிட்ட பிறகு பெட்டை ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கொக்கரிக்கும், அதற்கு மருந்து கிடையாது.

முதல் முட்டைகள் ஏன் இப்படி இருக்கின்றன?

நாட்டுக்கோழி முட்டை சாதாரணமாகவே 40 கிராம் எடையை ஒட்டித்தான் இருக்கும். முதல் முட்டைகள் அதைவிடச் சிறியவை, எலுமிச்சம்பழ அளவில். ஓட்டின் மேல் ஒரு கீற்று ரத்தம் இருக்கலாம். இன்று ஒரு முட்டை, பிறகு மூன்று நாள் ஒன்றும் இல்லை, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு என்று ஒழுங்கில்லாமல் வரும். முட்டைப்பாதை முதன்முதலாக விரிந்து கொடுக்கும்போது சின்ன ரத்தக் குழாய் ஒன்றிரண்டு கிழிவதால்தான் அந்தக் கீற்று. சில நாளில் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்தாலோ, ரத்தம் அதிகமாக இருந்தாலோதான் கவலை.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபட்டு, அதைச் சுற்றி வெள்ளைக்கரு சேர சுமார் மூன்று மணி நேரம், உள்தோல் மூட ஒரு மணி நேரத்துக்கு மேல். மீதி கிட்டத்தட்ட 20 மணி நேரமும் ஓடு படிவதற்கே. முட்டை ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வதால், இன்று காலை எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதரைக்கு இடும், அடுத்த நாள் இன்னும் தள்ளிப்போகும், பிறகு ஒரு நாள் விடுமுறை. 'நேத்து போட்டது இன்னிக்குப் போடலை' என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

புதிதாக இயங்கத் தொடங்கிய உடம்பில் இந்த வரிசை அவ்வப்போது பிசகும். இரண்டு கரு ஒரே நேரத்தில் விடுபட்டால் இரட்டைக் கரு முட்டை. கருவே இல்லாமல் கோலிக்குண்டு மாதிரி ஒரு குட்டி முட்டையும் வரலாம். இரட்டைக் கரு முட்டையைச் சாப்பிட்டால் இரட்டைக் குழந்தை பிறக்கும் என்று கர்ப்பிணிகளுக்குத் தராத வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒட்டிய வாழைப்பழத்துக்குச் சொல்லும் அதே கதை. தாராளமாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

ஓடு இல்லாமல் பலூன் மாதிரி கொழகொழவென்று வரும் தோல்முட்டையைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோகிறார்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு முறை வந்தால் பொருட்படுத்த வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் கோழியின் உடம்பில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று பொருள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

சாதம் மட்டும் போட்டால் போதாது

ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் அது கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே கால் எலும்புகளுக்குள் இதற்கென்று ஒரு சேமிப்பு உருவாகிறது. அந்தச் சேமிப்பும் கரைந்தால் கோழி நொண்டும், நடக்க முடியாமல் படுத்துவிடும்.

மாடியில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மீந்த சாதமும் அரிசியும்தான் போடுகிறார்கள். வயிறு நிறையும், கொழுப்பும் சேரும், முட்டைக்கு வேண்டிய புரதம் சேராது. கொழுத்த கோழி தாமதமாக முட்டைக்கு வரும், வந்தபின் முட்டை சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதற்குத்தான் அதிகம். கொண்டை சிவந்ததும் முட்டைக்கோழித் தீவனத்துக்கு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மாறிவிடுங்கள். அதற்கு முன்பே கொடுக்க வேண்டாம். வளரும் குஞ்சுக்கு அந்த அளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கம்பு, சோளம், மக்காச்சோளம், கீரை, அசோலா, முடிந்தால் கரையான் என்று கலந்து கொடுப்பவர்களும் கால்சியத்தைத் தனியாகக் கவனித்தே ஆக வேண்டும்.

கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவதுதான் சுலபமான வழி. வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். சாயங்காலம் கிண்ணம் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் படிகிறது. வீட்டு முட்டை ஓட்டைக் காயவைத்து, வறுத்து, பொடித்தும் போடலாம். முட்டை வடிவம் தெரியாத அளவுக்குப் பொடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் தன் முட்டையையே கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பை அப்படியே கலந்து வைப்பது வேண்டாம், அது வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

வெயில்தான் நமக்கு வில்லன்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் பல்பு போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். பகல் வெளிச்சம்தான் கோழியை முட்டைக்குத் தூண்டுகிறது என்பது உண்மை. ஐரோப்பாவில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடுவதால் அங்கே கோழிகள் முட்டையை நிறுத்துகின்றன. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல், மிக நீண்டது 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் பெரிதில்லை. வீட்டில் நான்கு கோழிக்கு விளக்கு தேவையே இல்லை. உடம்பு முதிராத விடைக்கோழிக்கு இரவில் வெளிச்சம் காட்டி அவசரப்படுத்துவது ஆபத்தும்கூட.

நம் பிரச்னை சித்திரை, வைகாசி. கோழிக்கு வியர்க்காது; வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதற்கு வேண்டிய கார்பனேட் அந்த வாயுவிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் கோடையில் எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் ஓடு மெலிந்து, கை பட்டதும் விரிசல் விடுகிறது. மாடியில் தகரக் கூரை போட்டிருந்தால் மேலே தென்னங்கீற்றோ நனைத்த சாக்கோ போடுங்கள். தண்ணீரை நிழலில் வைத்து, நாளுக்கு மூன்று முறையாவது மாற்றுங்கள். தண்ணீர் அரை நாள் இல்லாமல் போனால்கூட அடுத்த சில நாள் முட்டையில் அது தெரியும்.

எங்கே முட்டையிட வைப்பது?

முதல் முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கூடு தயாராக இருக்க வேண்டும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் போதும். நான்கைந்து கோழிக்கு ஒன்று. மூங்கில் கூடை, அகலமான மண்சட்டி, பழக்கடை மரப்பெட்டி எதுவும் சரிதான். கொஞ்சம் இருட்டாக, நடமாட்டம் இல்லாத மூலையில், வைக்கோலோ காய்ந்த புல்லோ போட்டு வையுங்கள். அடியில் சாம்பலும் நொச்சித் தழையும் போடுவது செள் அண்டாமல் இருக்கக் கிராமத்தில் செய்வது. இடம் காட்டுவதற்கு ஒரு பொம்மை முட்டையோ கோல்ஃப் பந்தோ உள்ளே வைத்தால், மற்ற கோழிகள் முட்டையிட்ட இடம் இதுதான்போல என்று பெட்டை நம்பிவிடும். பெரும்பாலான முட்டைகள் காலையில் வந்துவிடும் என்பதால், தோட்டத்தில் தொலைக்கும் கோழியைப் பத்து, பதினொரு மணி வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்து பிறகு திறந்துவிடலாம்.

இந்த அறிகுறி தெரிந்தால் தாமதிக்காதீர்கள்

ஆறு மாதம் வளர்த்த கோழி, முதல் முட்டையோடு செத்துப்போவதும் நடக்கிறது. முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வதுதான் காரணம். கோழி வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி பென்குயின்போல நிற்கும். கூட்டுக்குப் போய்ப் போய் வரும், முட்டை வராது. முக்கும், தீனி எடுக்காது, எச்சம் குறையும். உடனே வெதுவெதுப்பான நீரில் வயிறு நனையும்படி 15, 20 நிமிடம் உட்காரவைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் தனியாக விடுங்கள். பல நேரங்களில் அதிலேயே முட்டை இறங்கிவிடும். விரலை விட்டு முட்டையை உடைத்து எடுக்கப் பார்ப்பது கோழியைக் கொல்வதற்குச் சமம். உடைந்த ஓடு உள்ளே கிழித்துவிடும். சில மணி நேரத்தில் வராவிட்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இன்னொன்று, முட்டையிட்ட பின் சிவப்புச் சதை வெளியே தள்ளி நிற்பது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும், குடலையே இழுத்துவிடும். பார்த்த நொடியே தனியாகப் பிரித்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கோழிகளை அள்ளிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். பிழைத்த கோழியும் கோணல் முட்டையிடும், எண்ணிக்கையும் சரியும். முட்டைக்கு வரும் முன்பே தடுப்பூசியையும் குடற்புழு நீக்கத்தையும் முடித்துவிடுவது நல்லது. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக பிப்ரவரி மாதம் நடத்தும் இருவார முகாமில் தடுப்பூசி இலவசம். முட்டையிடும் கோழிக்கு எந்த மருந்து கொடுத்தாலும், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடைக்கு உட்கார்ந்துவிட்டதா?

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை வைத்ததும் கூட்டைவிட்டு எழாது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். முட்டை நின்றுவிட்டதே என்று மருந்து தேடாதீர்கள், அது அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முதல் ஈட்டு முட்டைகளை அடை வைக்க வேண்டாம் என்பது அனுபவசாலிகள் பேச்சு. அதில் நியாயம் இருக்கிறது. முட்டை சிறிதென்றால் குஞ்சும் சிறிதாகத்தான் பொரியும், முதல்முறை அடை உட்காரும் கோழி பாதியில் எழுந்து போய்விடுவதும் உண்டு. அவற்றைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டாம் ஈட்டில் அடை வைக்கலாம்; 21 நாளில் குஞ்சு வரும்.

அடை வேண்டாம் என்றால் தெளியவைக்க வேண்டும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்துவது எல்லாம் பழைய வழிகள், கோழிக்கு வேதனை. அதற்குப் பதில், அடியில் காற்றோட்டம் உள்ள கம்பிக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்து, மூன்று நான்கு நாள் வெளிச்சத்தில் வையுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும். அதன்பிறகு அடுத்த ஈட்டைத் தொடங்க ஓரிரு வாரமோ, கொஞ்சம் கூடுதலாகவோ ஆகலாம். அதுவரை கிளிஞ்சல் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.